தொண்டையில் சிக்கியது எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்விகளுக்குக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பதில் அளிக்கிறார்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். சாப்பிட்டுக்கொண்டே சிரித்துப் பேசியபோது உணவுத் துணுக்கு ஒன்று வழிமாறிப் போய்ப் புரையேறிவிட்டது. கண்களில் நீர் வழியும் அளவுக்கு வெகுநேரம் இருமினேன். ஆனால் வெளியே எதுவும் வந்து விழவில்லை. இருமல் நின்று இரண்டு நாளாகியும் அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுகிறது. நுரையீரலுக்குள் போயிருக்குமா? எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டவற்றையே நான் முதலில் தேடினேன். மூச்சு வாங்குவதாகவோ, குரல் மாறிவிட்டதாகவோ, உமிழ்நீரை விழுங்க முடியவில்லை என்றோ நீங்கள் எழுதவில்லை. இந்த மூன்றும் சரியாக இருக்கும் ஒருவர் "ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று சொன்னால், பெரும்பாலும் அங்கே எதுவும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை.

வாய்க்குப் பின்னால் உள்ள தொண்டை, காற்றுக்கும் உணவுக்கும் பொதுவான வழி. அங்கிருந்து கீழே இறங்கும்போது முன்புறம் குரல்வளையும் அதன் தொடர்ச்சியாக மூச்சுக்குழாயும், அவற்றுக்குப் பின்னால் உணவுக்குழாயும் அமைந்துள்ளன. ஆகையால் நாம் விழுங்கும் ஒவ்வொரு வாய் உணவும் மூச்சுக்குழாயின் வாசலைக் கடந்துதான் தன் வழிக்குப் போக வேண்டும். அந்தக் கடப்பு நிகழும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் மென் அண்ணம் மேலெழுந்து மூக்கின் பின்வாசலை அடைக்கிறது. குரல்வளை முழுவதுமாக மேலும் முன்னும் நகர்ந்து நாக்கின் அடிப்பகுதிக்குக் கீழே ஒதுங்குகிறது. குரல் நாண்கள் இரண்டும் இறுக ஒட்டிக்கொள்கின்றன. குரல்வளை மூடி எனப்படும் மடல் பின்னோக்கிச் சாய்கிறது. மூச்சு நின்று, உணவுக்குழாயின் மேல்வாசலில் உள்ள தசைவளையம் திறக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் குரல்வளை மூடி ஒன்றுக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிடுகின்றன. அறுவைச் சிகிச்சையில் அந்த மூடியை இழந்தவர்கள்கூடப் பயிற்சியால் மீண்டும் விழுங்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால், காவலில் பெரும்பங்கு குரல் நாண்களுக்கும் குரல்வளையின் இடப்பெயர்ச்சிக்கும் உரியது என்று தெரிகிறது.

சாதாரணமாக நாம் மூச்சை வெளியே விடும் நடுவில்தான் விழுங்குகிறோம். விழுங்கி முடித்ததும் மீதி மூச்சையும் வெளியே விடுகிறோம். வாசலில் ஏதேனும் தங்கியிருந்தால் அந்த வெளிமூச்சு அதைத் தள்ளிவிடும். சிரிப்பும் பேச்சும் இந்த ஒழுங்கைக் குலைக்கின்றன. சிரித்து முடித்ததும் ஒருவர் ஆழமாக மூச்சை உள்ளிழுக்கிறார். அந்த நேரத்தில் தொண்டையில் விழுங்கப்படாமல் கிடக்கும் துணுக்கு காற்றோடு சேர்ந்து உள்ளே இழுபடுகிறது. குரல்வளையின் உட்பக்கத் தோல் மிகக் கூரிய உணர்ச்சி உடையது. அதில் எதுவும் பட்ட மாத்திரத்தில் நாம் காற்றை இழுத்து, குரல் நாண்களைக் கணநேரம் மூடி, மார்பில் அழுத்தத்தை ஏற்றி, சட்டென்று திறந்து வெளியேற்றுகிறோம். அதுதான் இருமல்.

உங்கள் துணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், இருமலின் வேகத்தில் அது குரல்வளை வாசலிலிருந்து பின்புறம் வீசப்பட்டு, நீங்கள் அறியாமலே உமிழ்நீரோடு விழுங்கப்பட்டிருக்கும். வெளியே எதுவும் விழாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மிக நுண்ணிய துகள் ஏதேனும் கீழே இறங்கியிருந்தாலும், மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளிப்படலத்தோடு சேர்த்து அதை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆரோக்கியமானவர்களில் பலருக்கும் உறக்கத்தில் சிறிதளவு உமிழ்நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உண்டு. அதனால் அவர்களுக்குத் தீங்கு நேர்வதில்லை.

ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு, பலத்த இருமலால் உரசுண்டு வீங்கிய தோலிலிருந்து வருவது. நாக்கின் அடியிலும் குரல்வளையின் இரு பக்கங்களிலும் இயற்கையாகவே சிறு பள்ளங்கள் உள்ளன. அங்கே துணுக்கு சற்று நேரம் தங்குவதும் பின்னர் கழுவப்பட்டுப் போவதும் எல்லோருக்கும் நிகழ்வதே. உணவுப் பொருள்களில் பெரும்பாலானவை எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் இப்போது படம் எடுப்பதில் பயன் இல்லை. ஆனால் இனிவரும் நாள்களில் இருமல் திரும்பி வந்து நீடித்தாலோ, மூச்சில் இரைச்சல் கேட்டாலோ, காய்ச்சல், குரல் கம்முதல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ நேரில் காட்ட வேண்டும். அப்போது புரையேறிய நாளையும் மருத்துவரிடம் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: டாக்டர், நேற்று மாலை மீன் முள் தொண்டையில் குத்திவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி பெரிய கவளமாக உருட்டி விழுங்கிப் பார்த்தேன். வினிகரும் குடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் குத்துவது அப்படியே இருக்கிறது. இன்னும் என்ன செய்யலாம்?

பதில்: வீட்டில் இனி எதுவும் செய்ய வேண்டாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் இன்றே செல்லுங்கள்.

கவள வைத்தியம் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம், அது சில வேளைகளில் பலிப்பதுதான். தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கும் மெல்லிய முள் கவளத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். அப்படிப் பிழைத்தவர் அதை ஊரெல்லாம் சொல்வார். ஆனால் ஆழமாகக் குத்தியிருக்கும் தடித்த முள்ளின் மீது கவளம் இறங்கும்போது அது முள்ளை மேலும் உள்ளே அழுத்துகிறது, அல்லது மருத்துவர் எளிதில் பார்க்கக்கூடிய தொண்டையிலிருந்து எண்டோஸ்கோப்பி இல்லாமல் எட்ட முடியாத உணவுக்குழாய்க்குத் தள்ளிவிடுகிறது. உணவுக்குழாயின் சுவர் கிழிந்தால் அங்குள்ள கிருமிகள் கழுத்தின் உள்ளறைகள் வழியாக மார்புக்குள் வரை பரவ இடம் உண்டு. வினிகரைப் பொறுத்தவரை, முள்ளை இளக்க அதில் பல மணி நேரம் ஊற வைக்க வேண்டும். தொண்டையிலோ அது சில விநாடிகள்கூடத் தங்குவதில்லை. விரலை விட்டுத் துழாவுவதும், வலியச் சென்று வாந்தி எடுப்பதும் இவற்றைவிட மோசமானவை.

நல்ல செய்தி என்னவென்றால், முள்கள் பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடியிலோ நான் முன்பு சொன்ன பள்ளங்களிலோதான் குத்தி நிற்கின்றன. வாயைத் திறந்து விளக்கொளியில் பார்த்தோ, மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்த்தோ, மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு இடுக்கியால் எடுத்துவிடலாம். பலருக்கு மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவைகூட இராது. வலப்பக்கம், இடப்பக்கம் என்று ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தால் முள் மேல்தொண்டையில் இருக்கும் வாய்ப்பு அதிகம். நடுவில் எங்கோ, நெஞ்செலும்புக்குப் பின்னால் எங்கோ என்று சொல்பவருக்கு அது கீழே இருக்கலாம்.

முள் போய்விட்ட பிறகும் அது கீறிய இடம் ஒன்றிரண்டு நாள் குத்திக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. கீறல் வலி மணிக்கு மணி குறைந்துவரும். முள் இருந்தால் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அதே புள்ளியில் அதே அளவில் குத்தும், அல்லது கூடும். உங்கள் வலி குறையவில்லை என்பதால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். நேரில் பார்த்துத் தெரியாவிட்டால் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம், சாதாரண எக்ஸ்ரே பல முள்களைக் காட்டாமல் விட்டுவிடும். காய்ச்சல், கழுத்து வீக்கம், கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்ற உணர்வு, மார்பிலோ முதுகிலோ வலி, துப்பும் எச்சிலில் இரத்தம் என்று எதுவும் இருந்தால் எதையும் உண்ணாமல் குடிக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. சென்ற வாரம் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தபோது மூச்சுத் திணறி, முகம் சிவந்து, பலமாக இருமினான். சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. மூன்று நாள் நன்றாக விளையாடினான். இப்போது மூச்சுவிடும்போது விசில் போன்ற ஒலி கேட்கிறது, இலேசான காய்ச்சலும் உண்டு. சளி என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். கடலையைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

பதில்: அம்மா, இதழ் அச்சேறும் வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியாக உடனே பதில் எழுதினோம்: மூச்சுக்குழாயிலிருந்து பொருள்களை அகற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் குழந்தையை அன்றே கொண்டு செல்லுங்கள், கடலையைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள் என்று. மற்றப் பெற்றோர்களுக்காக அதன் காரணத்தை இங்கே விளக்குகிறேன், ஏனெனில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் என்னைக் கலங்க வைத்தது உங்களுடையதுதான்.

மூச்சுக்குழாய்க்குள் ஒரு பொருள் போகும்போது முதலில் பலத்த இருமலும் திணறலும் ஏற்படுகின்றன. பொருள் ஓரிடத்தில் போய்த் தங்கியதும் அந்த இடத்தின் நரம்புகள் அதற்குப் பழகிவிடுகின்றன, இருமல் நின்றுவிடுகிறது. பெற்றோர் நிம்மதி அடைவது இந்த இடைவேளையில்தான்; உண்மையில் அது மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ, சில வேளைகளில் வாரக்கணக்கிலோகூட நீடிக்கும் ஏமாற்று அமைதி. அதன் பிறகு வீக்கம், சளி அடைப்பு, காய்ச்சல், நிமோனியா ஆகியவை தொடங்குகின்றன. அப்போது வரும் இரைச்சலைக் கேட்பவர்கள் ஆஸ்துமா என்றோ சளி என்றோ எண்ணுவது இயல்பு. ஆஸ்துமா இரைச்சல் பொதுவாக இரு பக்கமும் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டாலோ, ஒரு பக்கத்துக்கு மட்டும் காற்று குறைவாகப் போனாலோ உள்ளே பொருள் ஏதும் உள்ளதா என்று ஐயப்பட வேண்டும். வலப்பக்கக் கிளைக்குழாய் இடப்பக்கத்தைவிட அகலமாகவும் குட்டையாகவும் நேர்க்குத்தாகவும் இருப்பதால் பொருள்கள் அங்கே போவது சற்று அதிகம்.

கடலை, கொட்டை வகைகளுக்கு இன்னும் இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. அவற்றின் எண்ணெய் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி வீங்க வைக்கிறது. ஈரத்தில் ஊறி அவை தாமும் பருக்கின்றன. குழந்தையின் மூச்சுவழியோ மிகக் குறுகியது. ஒரு குழாயின் விட்டம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு அதில் ஏற்படும் தடை 16 மடங்காகிறது என்பதால், பெரியவருக்கு இருமலோடு போகும் வீக்கம் குழந்தைக்கு மூச்சையே முட்ட வைக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததும் இதனால்தான்: கடலை படத்தில் நிழல் விழுத்துவதில்லை. மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுத்த படத்தில் ஒரு பக்க நுரையீரல் மட்டும் காற்று வெளியேறாமல் உப்பி நிற்பது தெரியலாம். அதுவும் தெரியாமல் போகலாம். எனவே சாதாரண எக்ஸ்ரே நன்றாக இருப்பதைக் கொண்டு "உள்ளே ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. தாய் பார்த்ததாகச் சொல்லும் அந்தச் சில நிமிடத் திணறலுக்கு நான் படத்தைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

மருத்துவம் பிராங்கோஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழலைச் செலுத்தி, கண்ணால் பார்த்தபடியே பொருளைப் பற்றி எடுக்கிறார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 1897ஆம் ஆண்டு குஸ்தாவ் கில்லியன் என்னும் மருத்துவர், விவசாயி ஒருவரின் வலப்பக்கக் கிளைக்குழாயிலிருந்து எலும்புத் துண்டு ஒன்றை இப்படி எடுத்ததிலிருந்து இந்த முறை தொடங்குகிறது. அவருக்குப் பின் அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட பொருள்கள் ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் எதையெல்லாம் விழுங்கக்கூடும் என்பதில் ஐயம் உள்ளவர்கள் அவற்றின் படங்களையாவது பார்க்கலாம்.

அரைக்கும் பற்கள் முழுமையாக முளைக்க இரண்டரை, மூன்று வயதாகிறது. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தப் பழக அதற்கு மேலும் காலம் பிடிக்கிறது. நான்கைந்து வயது வரை முழுக் கடலையோ கொட்டையோ கொடுக்க வேண்டாம். அரைத்தோ பொடித்தோ கொடுப்பதில் தடை இல்லை. திராட்சை போன்ற உருண்டைப் பழங்களைக் குறுக்கே வெட்டாமல் நெடுக்கே நான்காகப் பிளந்து கொடுங்கள். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் தின்னக் கூடாது. சிரிப்புக் காட்டியபடி ஊட்டவும் கூடாது.

கேள்வி: புரையேறி இருமுபவருக்கு உடனே தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: இருமல் அடங்கும் வரை கொடுக்கக் கூடாது. தண்ணீரை விழுங்க மூச்சை நிறுத்த வேண்டும். இருமுபவரோ மூச்சுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறார், ஆகவே கொடுத்த தண்ணீரும் அதே வழியில் போகும். முன்னால் குனிந்தபடி அவர் விருப்பம்போல் இருமட்டும். பலமாக இருமக்கூடியவரை முதுகில் அடிக்கவும் தேவையில்லை. அடங்கிய பிறகு மடக்கு மடக்காகக் குடிக்கலாம்.

கேள்வி: முழுவதுமாக அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? முதுகில் தட்டக் கூடாது, வயிற்றைத்தான் அழுத்த வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். வேறோர் இடத்தில் முதுகில் தட்டச் சொன்னார்கள். எது சரி?

பதில்: உங்கள் குழப்பத்துக்கு வரலாறு உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவரான ஹென்றி ஹைம்லிக் 1974ஆம் ஆண்டு வயிற்றை அழுத்தும் முறையை வெளியிட்டபோது, முதுகில் அடித்தால் பொருள் இன்னும் உள்ளே இறங்கும் என்று கடுமையாக வாதிட்டார். பல ஆண்டுகள் அமெரிக்கப் பயிற்சிகளில் அந்தக் கருத்தே நிலவியது. ஐரோப்பாவில் முதுகுத் தட்டு கைவிடப்படவில்லை. இப்போது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முதலில் ஐந்து முறை முதுகில் தட்டி, பிறகு ஐந்து முறை வயிற்றை அழுத்தச் சொல்வதால், இரு தரப்பும் ஒன்றுபட்டுவிட்டன. ஹைம்லிக் முறை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவரே 2016இல், தமது 96ஆம் வயதில், தாம் தங்கியிருந்த முதியோர் இல்லத்தில் உடன் உணவருந்திய மூதாட்டி ஒருவரை அதே முறையால் காப்பாற்றினார்.

முழு அடைப்பின் அடையாளம் ஓசையின்மை. அவரால் பேச முடியாது, இரும முடியாது. கைகள் தாமாகவே கழுத்தைப் பிடிக்கும். உதடு நீலம் பாரிக்கத் தொடங்கும். "அடைத்துக்கொண்டதா?" என்று கேளுங்கள், வாய் திறந்து பதில் சொன்னால் இன்னும் காற்று போகிறது என்று பொருள், இரும விடுங்கள். தலையை மட்டும் அசைத்தால் தாமதிக்காதீர்கள். நான்கைந்து நிமிடம் பிராணவாயு இல்லாவிட்டால் மூளை சேதமடையத் தொடங்கும் என்பதால், ஆம்புலன்ஸை வேறொருவர் அழைக்கட்டும்; அது வரும் வரை செய்ய வேண்டியது உங்களுடையது.

பக்கவாட்டில் சற்றுப் பின்னால் நின்று, ஒரு கையால் அவர் மார்பைத் தாங்கி, நன்றாக முன்னால் குனிய வையுங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். பலன் இல்லையென்றால் பின்னால் நின்று கைகளால் இடுப்புக்கு மேலே அணைத்து, ஒரு கை முஷ்டியைத் தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் கீழ் முனைக்கும் நடுவே வைத்து, மறுகையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் வெடுக்கென்று ஐந்து முறை இழுங்கள். பொருள் வெளியே வரும் வரையோ, அவர் நினைவிழக்கும் வரையோ இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி மார்பை அழுத்தும் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்குங்கள். வாயில் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாதபோது விரலை விட்டுத் துழாவினால் அது உள்ளே போகும்.

கர்ப்பிணிகளுக்கும், கைக்குள் அணைக்க முடியாத அளவு பருமனானவர்களுக்கும் வயிற்றுக்குப் பதிலாக நெஞ்செலும்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் கிழியலாம். முன்கையின் மீது முகம் கீழ்நோக்க, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கக் கிடத்தி ஐந்து முறை முதுகிலும், பின்பு மல்லாத்தி ஐந்து முறை நெஞ்செலும்பிலும் செய்யுங்கள். தனியாக இருப்பவர் தன் கை முஷ்டியாலேயே வயிற்றை அழுத்தலாம், அல்லது உறுதியான நாற்காலியின் முதுகுச் சட்டத்தின் மேல் வயிற்றைப் பதித்து உந்தலாம். வயிற்றை அழுத்திக் காப்பாற்றப்பட்டவர் நன்றாக இருந்தாலும், உள்ளுறுப்புகளில் காயம் இல்லை என்பதை உறுதிசெய்ய மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: பக்கவாதம் வந்த என் தந்தை திட உணவை ஓரளவு சாப்பிடுகிறார், தண்ணீர் குடித்தால்தான் இருமுகிறார். ஒரு மாதமாக அந்த இருமலும் குறைந்துவிட்டது. குணமாகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சோதித்துப் பார்க்காமல் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் வேகமாக ஓடுவதால், விழுங்கும் தசைகள் தாமதமாக வேலை செய்யும் ஒருவருக்குக் குரல்வளை மூடுவதற்கு முன்பே அது வாசலை அடைந்துவிடுகிறது. கெட்டியான உணவு மெல்ல நகர்வதால் அவகாசம் தருகிறது. இருமல் குறைந்தது நல்ல முன்னேற்றமாக இருக்கலாம். ஆனால் பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்றவற்றில் குரல்வளையின் உணர்ச்சியே மங்கிப்போய், தண்ணீர் உள்ளே இறங்கியும் இருமல் வராமல் போவது உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு முதல் அறிகுறியாக வருவது பெரும்பாலும் நிமோனியாதான்.

அவர் குடித்து முடித்ததும் ஏதேனும் பேசச் சொல்லிக் கேளுங்கள். குரல் ஈரமாக, கொப்பளிப்பதுபோல் ஒலித்தால் குரல் நாண்களின் மேல் தண்ணீர் தங்கியிருக்கிறது. காரணம் தெரியாத இலேசான காய்ச்சல், எடை குறைதல், உணவு வேளை நீண்டுகொண்டே போதல் ஆகியவற்றையும் கவனியுங்கள். விழுங்கும் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளர், எக்ஸ்ரே வீடியோவிலோ மூக்கு வழியாகச் செலுத்தும் கேமராவிலோ அவர் விழுங்குவதைப் பார்த்து, எந்த அளவு கெட்டியான திரவம் பாதுகாப்பானது என்று கூறுவார். திரவங்களுக்கும் உணவுகளுக்கும் சேர்த்து 0 முதல் 7 வரை படிகள் கொண்ட பன்னாட்டு அளவீடு ஒன்று நடைமுறையில் உள்ளது. தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும். சிலருக்குக் கெடுதலாகவும் முடியும். ஆகையால் அதைச் சோதனைக்குப் பிறகே கடைப்பிடியுங்கள்.

இப்போதே செய்யக்கூடியவை உண்டு. நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். அவர் சாப்பிடும்போது தொலைக்காட்சி வேண்டாம். பல் துலக்குவதையும் வாயைச் சுத்தம் செய்வதையும் ஒருபோதும் தவறவிடாதீர்கள்: நுரையீரலுக்குள் இறங்கும் உமிழ்நீரில் கிருமி குறைவாக இருந்தால் நிமோனியாவின் ஆபத்தும் குறையும். பொய்ப்பல் பொருந்தாமல் ஆடினால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: இருமும்போது சில சமயம் தொண்டையிலிருந்து வெண்மையான, துர்நாற்றம் வீசும் சிறு துணுக்குகள் வருகின்றன. பல நாளுக்கு முன் சிக்கிய உணவா?

பதில்: அவை டான்சில் கற்கள். டான்சிலில் இயற்கையாக உள்ள குழிகளில் உதிர்ந்த செல்களும் கிருமிகளும் உணவுத் துகள்களும் சேர்ந்து, சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகுகின்றன. தீங்கு இல்லை. உப்புநீரில் கொப்பளித்தால் போதும். குச்சியாலும் ஊசியாலும் குடைந்தால் இரத்தம் வரும்.

ஆனால் பல மணி நேரத்துக்கு முன் உண்ட உணவு செரிக்காமல் அப்படியே வாய்க்குத் திரும்பி வருவது, குனியும்போதும் படுக்கும்போதும் கழுத்தில் களகளவென்று ஒலிப்பது ஆகியவை முதியவர்களிடம் காணப்பட்டால் அது வேறு செய்தி. உணவுக்குழாய் வாசலுக்குச் சற்று மேலே சுவர் பிதுங்கிப் பை போலாகி, அதில் உணவு தேங்குகிறது. 1877இல் இதை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ட்சென்கரின் பெயரால் அந்தப் பை அழைக்கப்படுகிறது. பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். பலருக்கு வாய் வழியாகவே சிகிச்சை செய்துவிடலாம்.

கேள்வி: சில மாதங்களாக எனக்குத் தொண்டையில் ஓர் உருண்டை அடைத்திருப்பதுபோல் உள்ளது. சாப்பிடும்போது தெரிவதில்லை; எச்சில் விழுங்கும்போதுதான் தெரிகிறது. என் கணவருக்கோ நேர்மாறாக, ரொட்டியும் இறைச்சியும் நெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகின்றன. எங்களில் யார் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: உங்கள் கணவர்.

உணவு தாராளமாக இறங்கி, வெறும் எச்சிலுக்கு மட்டும் உறுத்துகிற உருண்டை, தொண்டைத் தசைகளின் இறுக்கத்தாலோ இரைப்பை அமிலம் எதுக்களிப்பதாலோ மன அழுத்தத்தாலோ வருவது. அடிக்கடி செருமுவதும் வறட்டு எச்சிலை விழுங்கிச் சோதிப்பதும் அதை வளர்க்கும். அப்படித் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். ஒருமுறை கேமராவால் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது, அவசரம் இல்லை. வலி, ஒரு பக்க உணர்வு, எடை குறைதல், குரல் மாற்றம், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தால் மட்டும் விரைந்து காட்டுங்கள்.

உங்கள் கணவருக்குச் சிக்குவது தொண்டையில் அன்று, உணவுக்குழாயில். பேச்சும் மூச்சும் தடைப்படாததால் இதைப் பலர் ஆண்டுக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. நன்றாக மென்று, கூடத் தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். திட உணவு மட்டும் நிற்பது, உள்வழி குறுகியிருப்பதன் அடையாளம். நெடுநாள் நெஞ்செரிச்சலால் ஏற்பட்ட தழும்பு, ஒவ்வாமையைச் சார்ந்த ஒருவகை அழற்சி, புற்றுநோய் ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்பதாலும், எண்டோஸ்கோப்பியும் தசைத்துணுக்குச் சோதனையும் செய்தால்தான் அவற்றைப் பிரித்தறிய முடியும் என்பதாலும், இதைத் தள்ளிப்போடக் கூடாது. எந்த உணவு நிற்கிறது, எப்போது தொடங்கியது, வாரத்துக்கு எத்தனை முறை, எடை குறைந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். அதற்குள் ஒரு நாள் கவளம் முழுவதுமாக நின்று, எச்சில்கூட இறங்காமல் வாயிலிருந்து வழியத் தொடங்கினால், தண்ணீரை ஊற்றித் தள்ளப் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி வழியாக அதை அகற்ற வேண்டியிருக்கும்.